ஜுவனைல்: சட்டத்துக்கு முரண்பட்ட சிறார்

பதினெட்டு வயது நிரம்பாத ஒருவர் ஓட்டிய கார் மோதி உயிர் போகும்போதெல்லாம் ‘ஜுவனைல்’ என்ற சொல்லும், அதற்கு ஈடாக ‘இளங்குற்றவாளி’ என்பதும் செய்திகளில் அடிபடுகின்றன. இளையவர் என்று பொருள்படும் ‘யுவெனிஸ்’ என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது ஜுவனைல். ‘யுவன்’ என்னும் வடசொல்லுக்கும் அதே வேர்தான். இரண்டிலும் குற்றம் என்ற பொருள் கிடையாது. அது தமிழாக்கத்தில் நாம் ஒட்டியது.

ஆண் பிள்ளைக்கு 16, பெண் பிள்ளைக்கு 18 என்றிருந்த வயது வரம்பை 2000 ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம் இருவருக்கும் 18 ஆக்கியது. அதன் இடத்தில் வந்த 2015 ஆம் ஆண்டுச் சட்டமோ, சிறாரைக் குறிக்கையில் குற்றஞ்சாட்டும் சொற்களே கூடாது என்று தன் 3 ஆம் பிரிவில் சொல்கிறது. ஆகவே ‘சட்டத்துக்கு முரண்பட்ட சிறார்’ என்பதே சரியான வழக்கு. ‘சிறு’ என்னும் அடியிலிருந்து பிறந்த இச்சொல் புறநானூற்று 206 ஆம் பாடலிலேயே ‘சிறாஅர்’ என்று வருகிறது. இளமை அதிலேயே அடங்கியிருப்பதால் ‘இளஞ்சிறார்’ என்பது மிகை என்றே கருதுகிறேன்.

‘சிறார்’ என்ற சொல்லின் எல்லை எவ்வளவு நுண்ணியது என்பதை டெல்லி வழக்கொன்று காட்டியது. 2016 ஏப்ரலில் மெர்சிடிஸ் கார் மோதி 32 வயது இளைஞர் ஒருவர் இறந்தார். ஓட்டியவருக்குப் பதினெட்டு நிரம்ப நான்கே நாள் இருந்தது. பதினாறைக் கடந்த சிறாரைப் பெரியவராகக் கருதி விசாரிக்க வேண்டுமானால், குறைந்தபட்சத் தண்டனையே ஏழாண்டுகளோ அதற்கு மேலோ உள்ள ‘கொடுங்குற்றம்’ நிகழ்ந்திருக்க வேண்டும். அவர் மீது சாட்டப்பட்ட, கொலையாகாத மரணம் விளைவித்தல் என்ற குற்றத்துக்கு அப்போதிருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தில் ஆயுள் தண்டனை வரை இருந்தது, ஆனால் குறைந்தபட்சம் என்று ஒன்று இருக்கவில்லை. எனவே அது கொடுங்குற்றம் ஆகாது என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படியானால் சிறாரைச் சீர்திருத்தும் சிறப்பு இல்லத்தில் மூன்றாண்டுகளே உச்ச அளவு. மகனையோ அண்ணனையோ இழந்த வீட்டாருக்கு இது ஆறாத வேதனைதான். ஆயினும் சட்டச் சொல்லை அதன் பொருளுக்கு மேல் இழுத்துச் சிறாருக்கு எதிராகப் பயன்படுத்தாதது சரியே.

சாவியைக் கொடுத்தவரும் தப்புவதில்லை. 2019 இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 199-ஏ பிரிவின்படி, பெற்றோர் அல்லது வாகன உரிமையாளருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. தமக்குத் தெரியாமல் நடந்தது என்றால் அதை அவர்கள்தாம் மெய்ப்பிக்க வேண்டும். ஓட்டிய சிறாருக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது.