பழைய காரின் ஏசி ஹோஸ்: ஓட்டையே இல்லாமல் கேஸ் எங்கே போகிறது?

கேஸ் நிரப்பினால் சில மாதம் ஜில்லென்று இருக்கும், அப்புறம் வெறும் காற்றுதான் வரும். சோப்பு நுரை தடவிப் பார்த்தால் எங்கேயும் குமிழி கிடையாது. பழைய கார் வைத்திருப்பவர்கள் பலருக்கும் பழகிய தொல்லை இது. ஓட்டையே இல்லாமல் கேஸ் போவது பெரும்பாலும் ஹோஸின், அதாவது வளையும் ரப்பர் குழாயின், சுவர் வழியாகத்தான். கட்டிவைத்த பலூன் நாலு நாளில் சுருங்கிவிடுகிறதே, அதே மாதிரி. ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு நடுவே இருக்கும் சந்துகளில் கேஸ் மெல்ல நுழைந்து வெளியே வந்துவிடும்.

சரி, முழுக்க அலுமினியக் குழாயாகவே போட்டுவிடக் கூடாதா? முடியாது. கேஸை அழுத்தித் தள்ளும் கம்ப்ரசர் எஞ்சினோடு சேர்ந்து அதிர்கிறது, கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர் பாடியில் அசையாமல் நிற்கிறது, நடுவே வளைந்துகொடுக்க ஏதாவது வேண்டும்.

1990களின் தொடக்கம் வரை கார் ஏசியில் இருந்த கேஸ் ஆர்-12. அது ஓசோன் படலத்தை அரிப்பதால் 1987இல் கையெழுத்தான மான்ட்ரியல் உடன்படிக்கை அதற்கு முடிவு கட்டியது, பதிலுக்கு ஆர்-134ஏ வந்தது. இதன் மூலக்கூறு இன்னும் சிறியது, பழைய வகை வெறும் ரப்பரில் சுலபமாகக் கசியும். அதைத் தடுக்க வந்ததுதான் பேரியர் ஹோஸ். ஒரு துண்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள்: ரப்பருக்கு உட்புறமாக மெல்லிய நைலான் வளையம், அதைச் சுற்றி ரப்பர், பிறகு நூல் பின்னல், மேலே ரப்பர் உறை. கேஸை நிறுத்துவது அந்த மெல்லிய வளையம்தான். வெளியிலிருந்து ஈரப்பதம் உள்ளே போவதைக் குறைப்பது பெரும்பாலும் அதற்கு மேலே உள்ள ரப்பர். ஈரம் சேர்ந்தால், கூலிங் காயிலுக்குள் கேஸை அளந்துவிடும் எக்ஸ்பான்ஷன் வால்வில் பனிக்கட்டியாக உறையும், உள்ளே உலோகத்தையும் அரிக்கும். அதனால் ஹோஸ் மாற்றும்போது பேரியர் வகைதானா என்று முதலில் கேளுங்கள், விலையெல்லாம் அப்புறம்.

பலர் சறுக்குவது ஃபிட்டிங்கில், அதாவது ஹோஸின் முனையில் மாட்டும் உலோக இணைப்பில். பழைய வண்டிகளில் முள் போன்ற வளையங்கள் உள்ள முனையில் ஹோஸைச் செருகி கிளாம்ப் போட்டு இறுக்கியிருப்பார்கள். மெத்தென்ற ரப்பருக்கு அது சரி. நைலான் விறைப்பானது, அந்த முள் அதைக் கீறிவிடும், கீறிய இடத்தில் கசியும். பேரியர் ஹோஸுக்கென்றே வந்த, உலோக உறையை இயந்திரத்தால் நசுக்கிப் பிடிக்கவைக்கும் கிரிம்ப் ஃபிட்டிங்தான் வேண்டும். அதிலும் தடித்த ஹோஸ், மெலிந்த ஹோஸ் என்று இரண்டு உண்டு. உள்விட்டம் ஒன்றுதான், வெளிவிட்டம் வேறு, ஒன்றுக்கான ஃபிட்டிங்கின் உலோக உறை மற்றதைப் பிடிக்காது.

அளவு எளிது. கூலிங் காயிலிலிருந்து கம்ப்ரசருக்குத் திரும்பும் ஹோஸில் அழுத்தம் குறைவு, கேஸ் பரந்து அதிக இடம் கேட்கும், அதனால் அதுதான் பெரியது, சுமார் 13 அல்லது 16 மி.மீ. கேஸ் திரவமாகி ஓடும் ஹோஸ் சுமார் 8 மி.மீ.

கழற்றுவதற்கு முன் கேஸை ஒர்க்‌ஷாப்பில் இயந்திரம் வைத்து எடுக்கச் சொல்லுங்கள், நீங்களே திறந்துவிட்டால் கை உறைந்துபோகும். இணைப்புகளில் இருக்கும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகளையும், ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் கூடவே மாற்றிவிடுங்கள். இன்னொன்று, இது என் காரில் பட்ட அனுபவம்: இரண்டு முனையும் வளைந்த ஹோஸில், ஒரு முனைக்கு மற்றது எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கிறது என்று குறிக்காமல் கொடுத்துவிட்டேன். கிரிம்ப் செய்து வந்தது முறுக்கினால்தான் பொருந்தியது, முறுக்கிய ஹோஸ் வெகுநாள் தாங்காது என்பதால் மறுபடி புதிதாகச் செய்ய வேண்டியதாயிற்று. வண்டியில் இருக்கும்போதே சாக்பீஸால் இரு முனையிலும் ஒரே நேர்கோடு போட்டுவிட்டு, அதன் பிறகு கழற்றுங்கள்.