பழைய காரில் துரு ஒளிந்துகொள்ளும் இடம்

முதல் முறையாக ஒரு கிளாசிக் கார் வாங்கப் போவதாகவும், இன்ஜினில் எதையெல்லாம் சோதிக்க வேண்டும் என்றும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். இன்ஜினை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் என் பதில். புகை தள்ளினால் பிஸ்டன் ரிங்கை மாற்றலாம், கார்புரேட்டர் மக்கர் பண்ணினால் கழற்றிச் சுத்தம் செய்யலாம், எதுவும் சரிவராவிட்டால் வேறு இன்ஜினையே இறக்கி வைக்கலாம். பாடியில் துரு ஏறியிருந்தால் கதை வேறு. வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து, வெல்டிங், டிங்கரிங், பெயின்ட் எல்லாம் முடிவதற்குள் காருக்குக் கொடுத்த விலையைவிடச் செலவு அதிகமாகிவிடுவது சகஜம். அதுவும் தனியாக சேசிஸ் (அடிச்சட்டம்) இல்லாமல் பாடியே எல்லாப் பாரத்தையும் தாங்கும் கார் என்றால் (1922-இல் வந்த லான்சியா லாம்ப்டா இந்த வழியைத் தொடங்கிவைத்தது) இன்னும் சிக்கல். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி போன்ற பகுதிக்கு சில் என்று பெயர். அது உள்ளே அரித்துப்போனால் காரின் நடுப்பகுதி தொய்ந்துவிடும், கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தால்தான் மூடும்.

இரும்பு, தண்ணீர், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அப்படியானால் காற்று நன்றாகப் படுகிற இடம்தான் முதலில் அரிக்கும் என்று தோன்றும். நடப்பது இதற்கு நேர் எதிர். இந்தக் கட்டுரையை நான் எழுதுவதே அதைச் சொல்லத்தான்.

1920-களில் கேம்பிரிட்ஜில் யூலிக் ஈவன்ஸ் என்பவர் செய்துகாட்டிய சோதனை ஒன்று உண்டு. நன்றாகத் தேய்த்துச் சுத்தம் செய்த இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு உப்புத்தண்ணீர், அவ்வளவுதான். தண்ணீரில் இரண்டு பொருள்களைக் கலந்துகொள்ள வேண்டும். ஒன்று பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு, இரும்பு கரைந்து அயனியாக வெளியே வந்தால் அந்த இடத்தை நீலமாக்கும். இன்னொன்று ஃபினால்ஃப்தலீன், காரத்தன்மை வந்த இடத்தில் இளஞ்சிவப்பாக மாறும். முதலில் சொட்டு முழுக்க நீலமும் சிவப்புமாகக் குட்டிக் குட்டிப் புள்ளிகள் தாறுமாறாகத் தோன்றும். கொஞ்ச நேரம் போனதும் அவை ஒழுங்காகப் பிரிந்து, நடுவில் நீலம், ஓரத்தைச் சுற்றி இளஞ்சிவப்பு என்று நிற்கும். அப்புறம் இரண்டுக்கும் இடையில் பழுப்பாக ஒரு வளையம் எழும். அதுதான் துரு.

ஏன் இப்படி? சொட்டில் கரைந்திருந்த ஆக்சிஜன் சீக்கிரமே தீர்ந்துவிடுகிறது. ஓரத்தில் தண்ணீர் மெல்லிசாக இருப்பதால் காற்றிலிருந்து புது ஆக்சிஜன் உடனே வந்து சேரும். நடுவில் தண்ணீரின் தடிமன் அதிகம், அங்கே போய்ச் சேர நேரமாகும். ஆக்சிஜனுக்கு எலக்ட்ரான் வேண்டும், அதை வாங்கிக்கொண்டுதான் அது தண்ணீரோடு சேர்ந்து ஹைட்ராக்சைடாக மாறும், ஓரத்தில் தெரிந்த இளஞ்சிவப்பு அதனால் வந்தது. எலக்ட்ரானைக் கொடுப்பது யார்? நடுவில் இருக்கும் இரும்பு. அங்கே இரும்பு அணுக்கள் எலக்ட்ரானை விட்டுவிட்டு அயனியாகக் கரைகின்றன, விட்ட எலக்ட்ரான்கள் உலோகத்தின் வழியாகவே ஓரத்துக்கு ஓடுகின்றன. ஒரு சொட்டுத் தண்ணீருக்குள் முழு மின்சுற்று! ஆக்சிஜன் கிடைக்கிற இடம் பத்திரமாக இருக்கிறது, கிடைக்காத இடம் அரிக்கப்படுகிறது. கரைந்து வந்த இரும்பு அயனியும் ஓரத்து ஹைட்ராக்சைடும் பாதி வழியில் சந்திக்கும் இடத்தில்தான் துரு படிகிறது. அதாவது துருவைப் பார்க்கிற இடம் வேறு, உலோகம் குறைகிற இடம் வேறு. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது அலுக்காது.

இதை அப்படியே காரில் வைத்துப் பாருங்கள். இரண்டு தகடுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஸ்பாட் வெல்டிங் செய்த இடுக்கில் தண்ணீர் தானாகவே ஏறி உட்கார்ந்துகொள்ளும். இடுக்கின் வாயில் ஆக்சிஜன் உண்டு, ஆழத்தில் இல்லை. வாய் பளிச்சென்று இருக்க உள்ளே தகடு கரைந்துகொண்டே போகும். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை அதிக இடம் பிடிப்பதால் தகடுகளைப் பிரித்துத் தள்ளி, கடைசியில் பெயின்ட்டில் ஒரு சின்னக் கொப்புளமாக வெளியே தலைகாட்டும். விற்பவர் "இது மேலோட்டமான துருதான், தேய்த்தால் போய்விடும்" என்பார். கொப்புளம் உள்ளிருந்து வந்தது என்றால் தேய்க்கத் தேய்க்க ஓட்டைதான் பெரிதாகும். சக்கரத்துக்கு மேலே உள்புறம் ஒட்டிக் காயாமல் கிடக்கும் சேறும் அதே வேலையைச் செய்யும்.

அதனால் கார் பார்க்கப் போகும்போது பழைய துணியில் சுற்றிய ஒரு சின்னக் காந்தம் கொண்டுபோங்கள். சில், சக்கர வளைவு, கதவின் அடிப்பகுதி என்று வரிசையாக வைத்துப் பாருங்கள். துருப்பிடித்த இடத்தைப் பட்டி போட்டு மூடி மேலே பெயின்ட் அடித்திருந்தால் அங்கே காந்தம் ஒட்டாது, அல்லது சும்மா பேருக்கு ஒட்டும். அலுமினியத் தகடு உள்ள கார்களில் இந்த வித்தை பலிக்காது. 1948-இல் வந்த முதல் லேண்ட் ரோவரில் வெளித்தகடெல்லாம் அலுமினியக் கலவை. அங்கே அலுமினியமும் எஃகும் தொடும் இடங்களில், அலுமினியம் அரிப்பதன் அடையாளமான வெள்ளைப் பொடி தெரிகிறதா என்று பாருங்கள். குரோம் பம்பரில் குண்டூசி முனை அளவில் பழுப்புப் புள்ளிகள் இருந்தாலும் அலட்சியம் வேண்டாம். குரோமுக்கு அடியில் இருக்கும் நிக்கல், எஃகைப்போல எளிதில் எலக்ட்ரானை விடாது. ஆகவே அத்தனை பெரிய பரப்பில் வந்து சேரும் ஆக்சிஜனின் பசிக்கும், புள்ளி தெரிகிற அந்தச் சின்னத் துளைக்குள் இருக்கும் எஃகுதான் எலக்ட்ரான் தர வேண்டியிருக்கிறது, ஆழமாகக் குழி விழும்.

பேட்டரியில் இணைத்தால் கார் துருவே பிடிக்காது என்று சில கருவிகளை விற்கிறார்கள். இது படித்தவர்களின் மூடநம்பிக்கை என்பேன். எலக்ட்ரானை வெளியிலிருந்து கொடுத்தால் உலோகம் கரையாது என்ற மூலக் கருத்து என்னவோ நிஜம்தான். 1824-இல் வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி, பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் அடியில் போர்த்தியிருந்த செப்புத் தகட்டோடு துத்தநாகத்தையோ இரும்பையோ இணைத்து, செம்பு அரிப்பதை நிறுத்திக் காட்டினார். (செம்பு கரைவது நின்றதும் அதன் விஷமும் நின்றது, கடற்பாசியும் சிப்பிகளும் குஷியாக ஒட்டிக்கொண்டன என்பது தனிக்கதை.) ஆனால் சுற்று முழுமையாக வேண்டுமென்றால் இரண்டு உலோகங்களையும் நனைக்கும் தண்ணீர் நடுவில் அறுபடாமல் இருக்க வேண்டும். கப்பல் கடலில் மிதக்கிறது, இதே முறையில் காக்கப்படும் குழாய் ஈரமண்ணில் புதைந்து கிடக்கிறது. கார் காற்றில் அல்லவா நிற்கிறது? துரு பற்றிய ஆராய்ச்சிக்குக் கவர்ச்சி கிடையாது, பணமும் அதற்கேற்றபடிதான் கிடைக்கிறது. உலோக அரிப்பால் உலகத்துக்கு ஆண்டுதோறும் 2.5 லட்சம் கோடி டாலர் போகிறது என்று அரிப்புத் துறை வல்லுநர்களின் நேஸ் இன்டர்நேஷனல் அமைப்பு 2016-இல் மதிப்பிட்டது, தெரிந்த முறைகளை ஒழுங்காகப் பின்பற்றினாலே அதில் 15 முதல் 35 சதவீதம் மிச்சமாகும் என்றும் சொன்னது. எனக்கு இது எரிச்சலூட்டும் கணக்கு.

சரி, வாங்கியாயிற்று. கதவுக்குள் தண்ணீர் போவதைத் தடுக்க முடியாது, கண்ணாடி ஓரத்து ரப்பரைத் தாண்டி அது போகத்தான் செய்யும்; கீழே இருக்கும் துளைகள் வழியாக வெளியேறினால் போதும். சில்லிலும் அப்படித் துளைகள் உண்டு. ஒரு மெல்லிய கம்பியால் அவற்றைக் குத்தி அடைப்பு எடுங்கள், துருவைத் தடுக்க உள்ளே மெழுகு தெளிக்கும்போது மறுபடி அடைத்துவிடாதீர்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 4 வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் சேர்ந்தபின் அந்த வரம்பு 155 டிகிரிதான், பிரேக் சிலிண்டரும் உள்ளேயே துருப்பிடிக்கும். எனவே காலாகாலத்தில் மாற்றிவிடுங்கள். காரை பிளாஸ்டிக் உறைபோட்டு இறுக்கி மூடவும் வேண்டாம், ஈரம் போக வழியிருக்காது.

இன்னொன்று, வாரத்துக்கு ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைக்கும் பழக்கம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உருவாகிறது. சைலன்சர் சூடேறுவதற்குள் அணைத்தால் அதில் ஒரு பங்கு உள்ளேயே குளிர்ந்து தங்கும், கொஞ்சம் இன்ஜின் ஆயிலிலும் போய்ச் சேரும். எடுத்தால் அரை மணி நேரமாவது ஓட்டுங்கள், நேரமில்லாத வாரத்தில் சாவியையே தொட வேண்டாம்.