‘ஃபர்ஸ்ட் லேடி’யைத் தமிழில் எப்படிச் சொல்வது?

“இந்தியாவின் முதல் பெண்மணி யார்?” என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். “எதுல முதல்?” என்று திருப்பிக் கேட்பார்கள். சிலர் இந்திரா காந்தி என்பார்கள், சிலர் பிரதிபா பாட்டீல் என்பார்கள். ஆங்கிலத்தில் ‘ஃபர்ஸ்ட் லேடி’ எனப்படும் குடியரசுத் தலைவரின் மனைவியைத்தான் கேட்கிறோம் என்று யாருக்கும் தோன்றாது. ‘முதல்’ என்றால் தமிழில் வரிசையில் முதலாவது. கடைக்காரருக்கோ போட்ட பணம். தகுதியில் உயர்ந்தது என்ற பொருளுக்கு ‘முதன்மை’ என்று இன்னொரு சொல் இருக்கிறது. ‘ஃபர்ஸ்ட் லேடி’யில் உள்ள ‘ஃபர்ஸ்ட்’ அந்த முதன்மைதான்.

‘லேடி’யின் கதை இன்னும் சுவையானது. பழைய ஆங்கிலத்தில் ‘ஹ்லாஃப்’ என்றால் ரொட்டி. அதிலிருந்து பிறந்த ‘லேடி’க்கு ரொட்டி மாவு பிசைபவள் என்பது வேர்ப்பொருள், ‘லார்டு’ ரொட்டியைக் காப்பவன். மாவு பிசைந்தவள் காலப்போக்கில் மாளிகைக்காரி ஆகிவிட்டாள்.

அமெரிக்காவின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டனின் மனைவி மார்த்தாவை மக்கள் ‘லேடி வாஷிங்டன்’ என்றுதான் அழைத்தார்கள். ‘ஃபர்ஸ்ட் லேடி’ என்று அச்சில் பெயர் வாங்கிய தொடக்கக் காலப் பெண்களில் ஒருவரான ஹேரியட் லேன் அதிபரின் மனைவியே அல்ல! 1857 முதல் 1861 வரை அதிபராக இருந்த ஜேம்ஸ் புக்கானன் திருமணமாகாதவர். வெள்ளை மாளிகையில் விருந்தினரை வரவேற்கும் பொறுப்பை உடன்பிறந்தார் மகளான ஹேரியட்டிடம் கொடுத்திருந்தார். 1860இல் ஒரு படப் பத்திரிகை அவரை அப்படிக் குறிப்பிட்டது. 1877இல் அதிபர் ஹேய்ஸின் மனைவி லூசியைப் பற்றி எழுதும்போது பத்திரிகைகள் இந்தத் தொடரை மேலும் பரப்பின. ஆக, பிறந்தபோது இது உறவுப் பெயர் அல்ல, அந்த வீட்டில் வகித்த இடத்தின் பெயர்.

அந்த இடத்துக்கு அமெரிக்க அரசமைப்பில் ஒரு வரிகூட இல்லை, சம்பளமும் இல்லை. அதிபரின் பணிக்கு உதவும் அளவுக்கு வாழ்க்கைத் துணைக்கும் ஊழியர்களைக் கொடுக்கலாம் என்று 1978இல்தான் சட்டம் வந்தது. சட்டத்துக்காக அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினார் காத்திருக்கவில்லை. 1933இலேயே பெண் நிருபர்களுக்கு மட்டும் என்று செய்தியாளர் சந்திப்புகளை நடத்தினார். செய்தி வேண்டுமென்றால் பத்திரிகைகள் பெண்களை வேலைக்கு வைத்துத்தான் ஆக வேண்டும்! ஜாக்குலின் கென்னடிக்கோ இந்தப் பட்டமே பிடிக்காது. சவாரிக் குதிரைக்கு வைத்த பெயர் மாதிரி இருக்கிறது என்றார்.

சரி, தமிழுக்கு வருவோம். ‘லேடி’க்குச் ‘சீமாட்டி’ என்ற சொல் நம்மிடம் உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் இலங்கை ஆளுநராக இருந்த ரிட்ஜ்வேயின் மனைவி பெயரில் கொழும்பில் உள்ள குழந்தைகள் மருத்துவமனையைச் ‘சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை’ என்றே சொல்கிறார்கள். ஆனால் ‘முதற் சீமாட்டி’ என்றால் பணக்காரி வாடை அடிக்கிறது. இலங்கைச் செய்திகளில் ‘ஜனாதிபதியின் பாரியார்’ என்று எழுதுவார்கள். குழப்பமில்லாத வழக்கு, மரியாதையும் இருக்கிறது. ஆனால் அதன் மூலமான ‘பார்யா’ என்ற வடசொல்லுக்குப் பேணிக் காக்கப்பட வேண்டியவள் என்று பொருள். அங்கே மாவு பிசைபவள், இங்கே சோறு போடப்பட வேண்டியவள்!

பழந்தமிழில் அரசனின் தேவிக்குக் கோப்பெருந்தேவி, கோப்பெண்டு என்ற பெயர்கள் இருந்தன. புறநானூற்றின் 246ஆம் பாட்டைப் பாடியவர் பூதப்பாண்டியனின் மனைவி. அவருடைய சொந்தப் பெயர் நமக்கு வந்து சேரவில்லை. ‘பெருங்கோப்பெண்டு’ என்ற தகுதிப் பெயர்தான் நின்றது. அழகான சொல்தான், ஆனால் முடியாட்சியின் சொல். தேர்தலில் வென்றவரின் மனைவிக்குப் பொருந்தாது.

என் கணக்கில் செய்திக்கு ஏற்றது ‘குடியரசுத் தலைவரின் துணைவியார்’. கணவரென்றால் ‘துணைவர்’. பிரதிபா பாட்டீலின் கணவர் தேவிசிங் ஷெகாவத்தை அப்படிச் சொல்லியிருந்தால் சிக்கலே இல்லை. ஹேரியட் லேன் போன்றவர்களுக்கு அது ஒத்துவராது என்பதும் உண்மை. ஆகவே அமெரிக்கப் பட்டமாகவே சொல்ல வேண்டிய இடத்தில் ‘முதன்மைப் பெண்மணி’ என்று எழுதலாம். ‘முதல் பெண்மணி’யை முதலில் சாதித்த பெண்களுக்கே விட்டுவிடலாம்.

‘துணை’யிலும் ஒரு சின்ன வம்பு உண்டு. 2021இல் சென்னைக்காரரின் மகளான கமலா ஹாரிஸ் அமெரிக்கத் துணை அதிபரானார். 2025 வரை அவர் அந்தப் பதவியில் இருந்தபோது கணவர் டக் எம்ஹாஃபுக்கு அங்கே ‘செகண்ட் ஜென்டில்மேன்’ என்று பட்டம். நம் கணக்குப்படி எம்ஹாஃப் அப்போது ‘துணை அதிபரின் துணைவர்’. நாக்குச் சுளுக்கும்தான். ஆனாலும் சொல்லுக்குச் சொல் ‘இரண்டாம் கனவான்’ என்று போட்டு, படிப்பவர் அதை ‘இரண்டாம் கணவன்’ என்று படித்து வைப்பதற்கு இது எவ்வளவோ மேல்.