அந்தத் துரு மேல் கை வைக்காதீர்கள்

போன வாரம் ஒருவர் பழைய ஜப்பானிய வாள் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். தாத்தா வீட்டு அலமாரியில் கிடைத்ததாம். மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்துக் கைப்பிடியைக் கழற்றினேன், வயிற்றைப் பிசைந்தது. கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் நகாகோ என்கிற வால்பகுதி புது எவர்சில்வர் கரண்டி மாதிரி பளபளத்தது. "ஒரே துரு சார், உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டேன்" என்றார். நல்ல மனதோடுதான் செய்திருக்கிறார். ஆனால் இந்த வருஷத்தில் இப்படி என்னிடம் வந்த நான்காவது வாள் இது.

நகாகோவின் கருந்துரு அழுக்கு இல்லை. அது நோயும் இல்லை. பல நூறு வருஷம் மெல்ல மெல்லப் படிந்து இறுகிய படலம் அது, கீழே உள்ள இரும்பைக் காப்பதே அதுதான். வாளின் வயதை நாங்கள் முதலில் பார்ப்பது அங்கேதான். 1300களின் வாளுக்கும் 1700களின் வாளுக்கும் துருவின் நிறமும் ஆழமும் வேறு. கொல்லர் அரம் போட்ட கோடுகள் அதனடியில்தான் இருக்கும். நீளமான வாளைப் பிற்காலத்தில் வெட்டிக் குறைத்திருந்தால், கூடுதல் ஆணித்துளை காட்டிக் கொடுத்துவிடும். கொல்லர் தன் பெயரை நகாகோவில் வெட்டிய பள்ளத்துக்குள் இருக்கும் துருவும் சுற்றியுள்ள துருவும் ஒரே வயதாகத் தெரிகிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்ப்போம். புகழ்பெற்ற கொல்லர்களின் பெயரைப் பின்னாளில் பொய்யாக வெட்டியது ஏராளம், கோட்டெட்சு பெயருள்ள வாள்களில் பெரும்பாலானவை போலி. துருவைத் தேய்த்தால் அந்தச் சாட்சியே போய்விடும். வாளை மெருகிடுபவர்கூட அலகை மட்டும்தான் கல்லில் தீட்டுவார், நகாகோவைத் தொடமாட்டார்.

அலகில் செந்துரு தெரிந்தால் அது வேறு சங்கதி, அது பரவும். அப்போதும் நீங்கள் தேய்க்கக் கூடாது. சோஜி என்கிற கிராம்பு வாள் எண்ணெயை மெல்லியதாகப் பூசிவிட்டுத் தொழில் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். கடையில் மெஷின் வைத்துப் பாலிஷ் போடவே கூடாது. ஒவ்வொரு மெருகுக்கும் எஃகு கொஞ்சம் போகிறது, மேல்தோல் தேய்ந்தால் உள்ளிருக்கும் மென்மையான எஃகு எட்டிப் பார்த்துவிடும், அதைத் திரும்ப வைக்க யாராலும் முடியாது.

அலகில் விரல் படக்கூடாது. அதன்மேல் குனிந்து பேசவும் வேண்டாம், எச்சில் துளி போதும். தோல் உறையில் பூட்டி வைக்காதீர்கள், ஈரம் தங்கும். ஜப்பானில் வீட்டில் வாள் கிடைத்தால் முதலில் போலீசுக்குச் சொல்லுங்கள், அப்புறம் மாகாணக் கல்வி வாரியத்தில் பதிவு. பதிவு அட்டை இல்லாமல் வைத்திருப்பது குற்றம்.

தயவுசெய்து, கிடைத்த நிலையிலேயே கொண்டுவாருங்கள். எவ்வளவு அசிங்கமாகத் தெரிந்தாலும் சரி.

போன வாரம் வந்தவரின் வாளில் இரண்டு ஜப்பானிய எழுத்துகளில் ஒரு பெயர் இருந்திருக்கிறது. கீழே 'மிட்சு' என்கிற எழுத்தை இன்னும் படிக்க முடிகிறது. ஓசாஃபுனே ஊரில் நாகமிட்சு, காகெமிட்சு, கானெமிட்சு என்று தலைமுறை தலைமுறையாகக் கொல்லர்கள் இருந்தார்கள். மேலெழுத்தில் மீந்திருப்பது இரண்டு கோடுதான். "யார் செய்தது சார்?" என்று மூன்று முறை கேட்டார்.