இரண்டு டிகிரி சூடும் கோயில் சுவரும்

"எங்கள் பங்குக் கோயிலில் பழைய போக்கஸ் லைட்டுகளைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. போடப் போகிறார்கள். எல்.இ.டி.தான் சூடாகாதே, பழைய சுவருக்கு ஒன்றும் ஆகாதுதானே?" என்று முத்தியால்பேட்டை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். புதுச்சேரியில் அவசியம் கேட்க வேண்டிய கேள்வி. 1791-இல் கட்டிய சம்பா கோயில், 1855-இல் கட்டிய கப்ஸ் கோயில், 1907-இல் எழுந்த இருதய ஆண்டவர் பசிலிக்கா எல்லாமே உப்புக்காற்று எட்டும் தூரத்தில்தான் நிற்கின்றன.

ஒளி செய்யும் சேதம் பலருக்கும் தெரிந்தது. அது சாயத்தின் மூலக்கூறுகளை உடைக்கும். புற ஊதாக் கதிர் இன்னும் வேகமாக உடைக்கும். எவ்வளவு வெளிச்சம், எத்தனை மணி நேரம் என்ற இரண்டையும் பெருக்கினால் சேதத்தின் கணக்கு வந்துவிடும். கப்ஸ் கோயிலில் மூன்றாம் நெப்போலியன் அளித்த மாதா படம் போன்ற எண்ணெய் ஓவியத்துக்கு அதிகபட்சம் 200 லக்ஸ் (பொருளின் மேல் விழும் வெளிச்சத்தின் அளவு), பழந்துணிக்கு 50 லக்ஸ் என்பது அருங்காட்சியக வழக்கம். பசிலிக்காவின் வண்ணக் கண்ணாடிக்கு வெளுக்கும் பயம் குறைவு. அதன் நிறம் பெரும்பாலும் உருகிய கண்ணாடியோடு கலந்த உலோக ஆக்சைடுகளிலிருந்து வருவது.

சுவர் விஷயம்தான் அழகானது. எல்.இ.டி.யின் கதிரில் வெப்பம் குறைவு, உண்மை. ஆனால் அது இழுக்கும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் வெப்பமாகி விளக்கின் முதுகு வழியே வெளியேறுகிறது. அந்த முதுகைத்தான் நாம் சுவரில் ஒட்டவைத்துத் திருகுகிறோம்.

சுண்ணாம்புக் காரையின் நுண்துளைகளில் கடல் உப்பு நிறைந்திருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த உப்பின் பெரும்பகுதியான சோடியம் குளோரைடு நீரை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். மழைக்காலத்தில் அடுக்களை உப்பு ஜாடி கசிவது இதனால்தான். 75-க்குக் கீழே இறங்கினால் திரும்பவும் படிகமாகும். வளரும் படிகம் துளைச் சுவர்களை நெட்டித் தள்ளுகிறது. அந்த அழுத்தத்தைக் காரை தாங்காது. கரைவதும் உறைவதுமாகப் பல நூறு சுற்று நடந்தால் காரை பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து விழும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. சாயங்காலம் 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். உப்பு கரைந்தே கிடக்கிறது. விளக்கு அந்த இடத்தை வெறும் 2 டிகிரி சூடாக்கினால், சூடான காற்று கூடுதல் நீராவியைத் தாங்கும் என்பதால், சுவரை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் சுமார் 71 சதவீதத்துக்கு இறங்கிவிடும். எல்லையைத் தாண்டியாயிற்று! விளக்கை அணைத்ததும் மறுபடி 80. வெயிலும் கடற்காற்றும் ஏற்கெனவே தினமும் ஒரு சுற்று ஓட்டுகின்றன; நாம் ராத்திரிக்கு இன்னொன்று சேர்க்கிறோம்.

எனவே விளக்கைச் சுவரைத் தொடாமல், காற்று புழங்க இடம்விட்டு நிறுத்த வேண்டும். தரையில் நிற்கும் கம்பம் நல்லது. துளையிட்டே ஆகவேண்டும் என்றால் துருப்பிடிக்காத எஃகுத் திருகு போடலாம். இரும்பு ஆணி துருவேறி உப்பிக் காரையைப் பிளக்கும். திருவிழா சீரியல் செட்டுக்காக அடிக்கிற ஆணிகளும் இதையேதான் செய்கின்றன. துளையைச் சுண்ணாம்பால் அடையுங்கள். சிமென்ட் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். குளிர்நாட்டு அருங்காட்சியகத்துக்கு எழுதிய விதிகள் வங்கக் கடலோரத்துக்கு அப்படியே பொருந்தாது. நம் சுவர்களில் ஈரப்பதமானிகளை மாட்டி வருடம் முழுக்க அளக்கும் ஆய்வுக்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும். பல ஆய்வுகளோடு பார்த்தால் இது மலிவான வேலை.

அதுவரை, வாசகரே, உங்கள் பங்குத்தந்தையிடம் இதைச் சொல்லுங்கள்: மொத்த விளக்கும் வாங்குமுன் ஒன்றை மட்டும் மாட்டி, மூன்று மணி நேரம் எரியவிட்டு, தொடாமல் அளக்கும் வெப்பமானியால் விளக்கை ஒட்டிய சுவரையும் நான்கடி தள்ளியுள்ள சுவரையும் அளக்கட்டும். வித்தியாசம் ஒரு டிகிரியை நெருங்கினாலே விளக்கை இடம் மாற்றிவிடுங்கள்.