டிரம் செட் வாங்கப் போறீங்களா? மரத்தை விடுங்க, சிம்பலைத் தட்டிப் பாருங்க

டிரம் செட் வாங்கக் கடைக்குப் போனா சேல்ஸ்ல நிக்கிறவர் ஆரம்பிக்கிறதே மரத்துல தான். இது மேப்பிள் சார், சவுண்டு வார்மா இருக்கும், இது பிர்ச், பஞ்ச் ஜாஸ்தி, இது பாப்லர், பட்ஜெட்டுக்கு ஓகேனு. அவர் சொல்றதுல பொய் ஒண்ணும் இல்ல, ஆனா நம்ம காசு முதல்ல போக வேண்டிய இடம் அது கிடையாது. ஏன்னு புரியணும்னா டிரம்மை அடிக்கிறப்போ எது ஆடுதுன்னு பாக்கணும்.

ஆடுறது மேல இருக்குற ஹெட், அதாவது குச்சி படுற அந்தத் தோல். இப்போ வர்றதெல்லாம் பெரும்பாலும் பாலியெஸ்டர் ஃபிலிம், 1950கள் வரைக்கும் கன்னுக்குட்டித் தோல் தான், மழை வந்தா தொய்ஞ்சிரும், வெயில் அடிச்சா விறைச்சுக்கும். குச்சி பட்டதும் இந்த ஃபிலிம் ஒரே சமயத்துல பல விதமா ஆடும், மொத்தமா மேல கீழ போறது ஒண்ணு, ஒரு பாதி ஏறுறப்போ மறுபாதி இறங்குறது இன்னொண்ணு, நாலாப் பிரிஞ்சு ஆடுறது வேற. கம்பியா இருந்தா இந்த ஃப்ரீக்வென்சி எல்லாம் 1, 2, 3, 4னு வரிசையா வரும். வட்டமான ஹெட்ல 1, 1.59, 2.14, 2.30னு கோணல்மாணலா வரும், அதனாலதான் டாம் (செட்ல இருக்குற உருளை டிரம்கள்) அடிச்சா ஸ்வரம் தெளிவா நிக்காம 'டும்'னு கேக்குது. மிருதங்கத்துல வலந்தலைக்கு, அதாவது வலது பக்கத் தோலுக்கு, நடுவுல கறுப்பா கரணை போடுறதால இந்தக் கோணல் நிமிர்ந்திடுது, சி.வி.ராமன் 1920லயே இதைப் பத்தி நேச்சர் இதழ்ல எழுதிட்டார். டிரம் செட்டுக்குக் கரணை கிடையாது, சோ இருக்குற கோணல் இன்னும் மோசமாகாம பாத்துக்கறது தான் நம்ம வேலை.

அது எப்படி மோசமாகும்னா, அந்தப் பாதி ஏறிப் பாதி இறங்குற ஆட்டம் இருக்கே, அது கிழக்கு மேற்காவும் நடக்கும், வடக்கு தெற்காவும் நடக்கும். சுத்தி எல்லாப் பக்கமும் ஒரே இழுப்பு இருந்தா ரெண்டுக்கும் ஒரே ஃப்ரீக்வென்சி. ஹெட்டை இழுத்துப் பிடிக்கிற போல்ட் ஒரு பக்கம் லூசா இருந்தா ரெண்டும் லேசா விலகிரும், ஒண்ணு 150 ஹெர்ட்ஸ், இன்னொண்ணு 154னு வைங்க, காதுல செகண்டுக்கு நாலு தடவை 'வவ்வவ்வவ்'னு அலையடிக்கும். போல்ட்னால வந்ததுன்னா ட்யூனிங் கீயை வச்சு ரெண்டு நிமிஷத்துல சரி பண்ணிடலாம். ஆனா ஹெட் உக்கார்ற ஷெல்லோட, அதாவது டிரம்மோட மர உடம்போட, விளிம்பு, பேரிங் எட்ஜ்னு சொல்வாங்க, அது மேடுபள்ளமா இருந்தா நீங்க எவ்ளோ திருகினாலும் அந்த டிரம் முழுசா அடங்காது.

அதனால செகண்ட் ஹேண்ட் செட் பாக்கப் போனா ஒரு டாமோட ஹெட்டைக் கழட்டச் சொல்லுங்க. ஷெல்லைச் சமமான கிரானைட் மேடைல கவுத்து வச்சு, லைட்டை அணைச்சுட்டு, உள்ள போன் டார்ச்சைப் போட்டுக் கண்ணை விளிம்பு மட்டத்துக்குக் கொண்டு போங்க. கீழ வெளிச்சம் கோடு மாதிரி கசிஞ்சா அங்க பள்ளம். அப்படியே டேப் வச்சு ரெண்டு மூணு பக்கமா குறுக்களவு எடுத்துருங்க, ஷெல் முட்டை வடிவமா போயிருந்தா அதுலயே தெரிஞ்சிரும். கழட்ட விடமாட்டேன்னு விக்கிறவர் அடம் புடிச்சா பேசாம வண்டியை எடுத்துட்டுக் கிளம்பிருங்க.

சைஸ் விஷயமும் இதே கணக்கு தான். இழுப்பை நாலு மடங்கு ஏத்தினா தான் சுருதி ரெண்டு மடங்கு ஏறும், அதனால 10 இஞ்ச் டாமை வச்சுக்கிட்டு ஃப்ளோர் டாம் (தரைல நிக்கிற பெரிய டாம்) மாதிரி குமுற வைக்கலாம்னு லூஸ் பண்ணினா ஹெட் சுருக்கம் விழுந்து 'சொத்து'னு தான் கேக்கும். ராக், குத்துப்பாட்டுனு கனமா வேணும்னா 22 இஞ்ச் கிக் (கால்ல மிதிச்சு அடிக்கிற பெரிய டிரம்), 12, 13, 16 டாம், ஜாஸ் பைத்தியம்னா 18 இஞ்ச் கிக். மரம்? ஷெல் ஹெட்டை விட பல மடங்கு விறைப்பு, அது ஆடுறது ரொம்பக் கம்மி. ஒரு புது ஹெட் போட்டா வர்ற வித்தியாசம் மரம் மாத்தினா வராதுங்கிறது என் கட்சி, மேப்பிள்காரங்க சண்டைக்கு வரலாம்.

இப்போ சிம்பலுக்கு, அதாவது ஸ்டாண்டுல மாட்டுற உலோகத் தட்டுக்கு வருவோம். இதுக்கு போல்டும் இல்ல, கீயும் இல்ல, பட்டறைல என்ன சத்தம் அமைஞ்சுதோ அது தான் கடைசி வரைக்கும். நல்ல சிம்பல்ல பெரும்பாலும் 80 சதவீதம் செம்பு, 20 சதவீதம் வெள்ளீயம், அதுக்கு அடுத்த தட்டுல 92க்கு 8. செட்டோட ஃப்ரீயா தர்றது பெரும்பாலும் பித்தளைத் தகடு. கிராஷை (ஓங்கி அடிக்கிறதுக்குன்னே இருக்குற சிம்பல்) ஓங்கி அடிச்சா முதல்ல தகடு பெருசா வளைஞ்சு ஆடும், அந்த எனர்ஜி கொஞ்சங்கொஞ்சமா மேல் ஃப்ரீக்வென்சிகளுக்குச் சிதறிப் போகும், 'ஷ்ஷ்ஷா'னு விரியுற சத்தம் அப்படி வர்றது தான். இந்தச் சிதறல் எப்படி நடக்கும்ங்கிறதைத் தகட்டோட உலோகம், கனம், வளைவு, மேல இருக்குற சுத்தியல் அடி எல்லாம் சேர்ந்து தான் முடிவு பண்ணும், மலிவான பித்தளைல அது சரியா விரியாம கரண்டியால தாம்பாளத்தைத் தட்டின மாதிரி நின்னுரும். இதுக்கு ஹெட் மாத்துற மாதிரி ரிப்பேர் எதுவும் கிடையாது.

சோ பழைய செட்டு ஒண்ணை எட்ஜ் பாத்து வாங்கி, புது ஹெட் போட்டு, மிச்சக் காசை ஒரு ஹை-ஹாட் (காலால மூடித் திறக்குற ஜோடி சிம்பல்), ஒரு ரைட் (தாளம் ஓட்டுற பெரிய சிம்பல்), ஒரு கிராஷ்ல போடுங்க. பழைய சிம்பல்னா நகத்தை விளிம்பு முழுக்க மெதுவா ஓட்டுங்க, எங்கயாவது தட்டுச்சுன்னா அது கீறல், அடிக்க அடிக்க நீளும். நடு ஓட்டை வட்டமா இல்லாம சாவித்துவாரம் மாதிரி தேய்ஞ்சிருந்தா ஸ்டாண்டு கம்பில ஸ்லீவ் (சிம்பல் உரசாம இருக்கப் போடுற குழாய்) போடாம வருஷக்கணக்கா அடிச்சிருக்காங்கன்னு அர்த்தம், விலையைக் குறைச்சுக் கேளுங்க.