பெரிய க்யூஆர் ஏன் ஸ்கேன் ஆகவில்லை?

ஒரு கூட்டத்தில் பேசி முடித்தபோது, கடைசி ஸ்லைடின் மூலையில் ஒரு க்யூஆர் கோடு போட்டிருந்தேன். முன்வரிசையில் இருந்தவர்கள் போனை நீட்டியதும் லிங்க் திறந்துவிட்டது. நடுவரிசைக்காரர்கள் போனைத் தலைக்கு மேலே தூக்கி, முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தார்கள். பின்வரிசைக்காரர்கள் எழுந்தே வந்துவிட்டார்கள். திரையில் அதன் அகலம் 40 சென்டிமீட்டர். பக்கத்தில் நின்ற என் கண்ணுக்கு அது தாராளமாகத்தான் தெரிந்தது.

இதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு. எவ்வளவு தூரத்திலிருந்து ஸ்கேன் செய்வார்களோ, அதில் பத்தில் ஒரு பங்கு அகலம் வேண்டும். 40 சென்டிமீட்டர் என்றால் 4 மீட்டர் வரை எட்டும். பின்வரிசையோ 12 மீட்டர் தள்ளி. 1.2 மீட்டர் அகலத்துக்குப் போட்டிருக்க வேண்டும்.

இந்தப் பத்து எங்கிருந்து வந்தது? போனின் முதன்மைக் கேமரா 1 மீட்டர் தள்ளிப் பார்க்கும்போது அதன் நீளவாட்டில் சுமார் 1.4 மீட்டர் அடங்கும். ஸ்கேன் செய்யும்போது அந்த நீளத்துக்கு 1920 பிக்சல் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 10 சென்டிமீட்டர் க்யூஆருக்கு அதில் 140 பிக்சல்தான் வரும். 40 எழுத்துள்ள ஒரு இணைய முகவரிக்கு 29க்கு 29 கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் போதும். கட்டத்துக்குக் கிட்டத்தட்ட 5 பிக்சல், சுலபமாகப் படித்துவிடும். அதே 10 சென்டிமீட்டருக்குள் 250 எழுத்துள்ள முகவரியைத் திணித்தால் 57க்கு 57 கட்டங்கள் ஆகிவிடும். கட்டத்துக்கு இரண்டரை பிக்சல்கூட இல்லை. ஒரே பிக்சலில் பாதி கறுப்பும் பாதி வெள்ளையும் விழுந்தால் கேமராவுக்கு மிஞ்சுவது சாம்பல். கை கொஞ்சம் நடுங்கினாலும் போச்சு.

கெடவே கூடாதவை மூன்று மூலைகளில் இருக்கும் பெரிய சதுரங்கள்தான். அவற்றின் நடுவே எந்தத் திசையில் வெட்டிப் பார்த்தாலும் கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு என்று 1:1:3:1:1 விகிதத்தில் வரும். 1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் க்யூஆரை உருவாக்கிய மசாஹிரோ ஹாராவும் அவர் குழுவும், அச்சிட்ட தாள்களில் மிக அரிதாக வரும் விகிதத்தைத் தேடி இதைப் பிடித்தார்கள். அந்த ஒரு கட்ட அகல வளையம் மங்கிவிட்டால், எதிரே ஒரு க்யூஆர் இருப்பதே போனுக்குத் தெரியாது.

ஆக, அளவெடுக்க வேண்டியது ஒரு கட்டத்தைத்தான். அதைப் பெரிதாக்க, க்யூஆரையே பெரிதாக்குவது ஒரு வழி. உள்ளே வைக்கும் எழுத்தைக் குறைப்பது இன்னொரு வழி. இரண்டாவது காசு செலவில்லாதது, ஏனோ அதை யாரும் முதலில் யோசிப்பதில்லை.

நடுவில் லோகோ வைக்கும் ஆசைக்கும் விலை உண்டு. மறைந்த பகுதியை மீட்க, பிழைதிருத்த அளவை, அதாவது எவ்வளவு பங்கு கெட்டாலும் படிக்கலாம் என்பதை, ஏறத்தாழ 7 சதவீதத்திலிருந்து 30க்கு உயர்த்துவார்கள். அந்த 40 எழுத்து முகவரிக்கே அப்போது 37க்கு 37 கட்டங்கள் தேவைப்படும். பாதுகாப்பு கூடியது என்று நினைப்போம். அதே அகலத்தில் 1 மீட்டர் எட்டியது 78 சென்டிமீட்டராகக் குறைந்திருக்கும். கீறலும் அழுக்கும் படும் இடத்துக்கு அது சரி. ஸ்லைடில் கீறல் எங்கே விழப்போகிறது?

சுற்றிலும் நான்கு கட்ட அகலத்துக்கு வெள்ளை ஓரம் விடுவதும் க்யூஆரின் விதிகளில் ஒன்று. பெரிதாக்குகிறேன் என்று அந்த ஓரத்தைத் தின்றுவிட்டால், க்யூஆர் எங்கே முடிகிறது என்று போன் தடுமாறும். பக்கவாட்டில் நின்று பார்ப்பவர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும்: 60 டிகிரி சாய்வில் அகலம் பாதியாகத்தான் தெரியும்.

சின்னதாக்குவதற்கும் எல்லை உண்டு. 1 சென்டிமீட்டர் க்யூஆருக்குப் போனை 10 சென்டிமீட்டர் நெருக்கத்தில் பிடிக்க வேண்டும். அவ்வளவு கிட்டத்தில் பல கேமராக்களுக்கு ஃபோகஸே ஆகாது. கையில் பிடித்துப் பார்க்கும் தாளுக்கு 2 சென்டிமீட்டருக்குக் கீழே போகாமலிருப்பது நல்லது.

திரையில் காட்டும்போது இன்னொரு சிக்கல். 29 கட்டங்களும் இருபக்க ஓரமும் சேர்த்து 37 கட்டங்கள் என்றால், 296 பிக்சலில் வரைந்தால் ஒவ்வொரு கட்டமும் சரியாக 8 பிக்சல். ரவுண்டாக இருக்கட்டும் என்று 300க்கு இழுத்தால், சில கட்டம் 8, சில கட்டம் 9 என்று ஆகும், இல்லையென்றால் விளிம்பெல்லாம் சாம்பல் பூசிக்கொள்ளும். பக்கத்தில் பிடித்தால் அதையும் போன் சமாளித்துவிடும். எட்டும் தூரத்தின் விளிம்பில் நிற்பவருக்குத்தான் அந்த நான்கு பிக்சல் உறைக்கும்.